வெள்ளிடையில் உண்ணலாமா?

ஜப்பானுக்குப் போய் வந்தவர்கள் நம்மிடம் சொல்லும் செய்திகளில் ரயில் நேரத்துக்கு அடுத்தபடியாக வருவது சாப்பாட்டு மரியாதைதான். "அங்கே ஒருவனும் தெருவில் நடந்துகொண்டே தின்னமாட்டான் சார்!" என்பார்கள். சொல்லிவிட்டு நம்மூர்ப் பஸ் நிலையத்தை ஒரு பார்வை பார்ப்பார்கள். அந்தப் பார்வையில், நாமெல்லாம் வேர்க்கடலைத் தோலையும் வாழைப்பழத் தோலையும் வழிநெடுக உதிர்த்துக்கொண்டு போகும் ஒரு கூட்டம் என்ற தீர்ப்பு அடங்கியிருக்கும்.

தீர்ப்பு பொய் என்று நான் வாதாடப் போவதில்லை. ஆனால் தீர்ப்புச் சொல்கிறவர்கள் இரண்டு விஷயங்களை விசாரிக்காமலே விட்டுவிடுகிறார்கள். பொது இடத்தில் உண்பதற்கும் குடிப்பதற்கும் நம்மிடம் முறை ஏதும் இருந்ததில்லையா என்பது ஒன்று. இருந்ததென்றால் அந்த முறை யாருக்காக இருந்தது என்பது மற்றொன்று. இரண்டாவது கேள்விதான் முக்கியமானது. கதை எழுதுகிறவன் என்ற முறையில் என்னை உறுத்துகிற கேள்வியும் அதுதான்.

முதலில் ஜப்பானியர் கதையைப் பார்ப்போம். நடந்துகொண்டே தின்பது அங்கே அநாகரிகம். ஆனால் நெடுந்தூர ரயிலில் மடியில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உண்பது அநாகரிகமில்லை. நூடுல்ஸை ஓசையெழ உறிஞ்சலாம். ஆனால் குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி நிறுத்தக் கூடாது. அது இறந்தவருக்குப் படைக்கும் முறை. ஒருவர் குச்சியிலிருந்து மற்றவர் குச்சிக்கு உணவை மாற்றவும் கூடாது. தகனத்துக்குப் பிறகு எலும்பு பொறுக்கும் சடங்கை அது நினைவூட்டுகிறது. கூடிக் குடிக்கும்போது தன் கிண்ணத்தில் தானே ஊற்றிக்கொள்வது அழகல்ல. அடுத்தவர் கிண்ணத்தை நீ கவனி, உன் கிண்ணத்தை அவர் கவனிப்பார்.

இதெல்லாம் ஆதிகாலம் முதல் மாறாமல் வருவதென்று எண்ணிவிட வேண்டாம். இன்று பட்டுத் துண்டு மாதிரி பரிமாறப்படும் ஸுஷியும் தெம்புராவும் எதோ நகரத் தெருக்கடைகளில் உழைப்பாளிகள் நின்றபடியே தின்று நகர்ந்த பண்டங்கள். 1971-இல் தோக்கியோவின் கின்ஸா வீதியில் மெக்டொனால்ட்ஸ் கடை திறந்தது. அதே ஆண்டு அதே வீதியில் கோப்பை நூடுல்ஸை வாங்கி இளைஞர்கள் வெளியில் நின்றே தின்றார்கள்; பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். காமகுரா என்ற பழைய நகரத்தில் 2019-இல் ஒரு விதி செய்தார்கள். நெரிசலான இடத்தில் நடந்துகொண்டே தின்று பிறர்க்குத் தொல்லை தராதீர்கள் என்று அது வேண்டிக்கொள்கிறது, தண்டனை இல்லை. மரியாதை தானாக நடக்கும் ஊரில் விதி எதற்கு? ஆக, அங்கும் இது நடந்துகொண்டிருக்கும் வழக்குதான். முடிந்துபோன தீர்ப்பு அல்ல.

இனி நம் பக்கம் வருவோம். பதினெண்கீழ்க்கணக்கு நூல்களில் ஆசாரக்கோவை என்று ஒன்று உண்டு. பெருவாயின் முள்ளியார் இயற்றியது, நூறு பாட்டுக்கள். பள்ளிப் புத்தகத்தில் அதன் பெயரைப் படித்திருப்பீர்கள். நூலைப் படித்தவர்கள் சிலரே. காலையில் எழுவது முதல் இரவில் படுப்பது வரை ஒருவன் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லும் அந்த நூலில் சாப்பாட்டுக்கென்றே பல பாட்டுக்கள் இருக்கின்றன. படுத்துக்கொண்டு உண்ணாதே, நின்றுகொண்டு உண்ணாதே, கட்டிலின்மேல் அமர்ந்து உண்ணாதே, அளவு மீறி உண்ணாதே, வெட்டவெளியில் உண்ணாதே என்று ஒரே மூச்சில் அடுக்குகிறார் முள்ளியார். வெட்டவெளிக்கு அவர் வைத்திருக்கும் சொல் 'வெள்ளிடை'. ஜப்பானுக்குப் போய் வந்த நண்பருக்கு நான் சொன்ன பதில் இதுதான்: அவர் விமானம் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்ததை முள்ளியார் எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்துவிட்டார்.

நூலாக எடைபோட்டால் ஆசாரக்கோவையில் நயம் அதிகமில்லை. பட்டியலைப் பாட்டாகக் கட்டிய வேலை அது. ஆனால் பட்டியலுக்கு நடுவே சில இடங்களில் ஈரம் கசிகிறது. விருந்தினர், முதியோர், பசு, பறவை, குழந்தை இவர்களுக்குக் கொடுத்த பிறகே நீ உண் என்கிறார். பெரியவர்களோடு பந்தியில் இருந்தால் அவர்களுக்கு முன்னால் தொடங்காதே, அவர்களுக்கு முன்னால் எழுந்துவிடாதே என்கிறார். இனிப்பை முதலிலும் கசப்பைக் கடைசியிலும் உண்ணச் சொல்கிறார். இந்த இடங்களிலெல்லாம் உண்கிறவன் தன்னைத் தவிர இன்னொருவரை நினைக்கிறான். மரியாதை என்று நான் மதிப்பது அந்த நினைப்பைத்தான்.

மற்ற இடங்களில் முள்ளியாருக்கு எதிரே உட்கார்ந்திருப்பவன் யார் என்று யோசித்துப் பாருங்கள். குளிக்க நீரும், கால் கழுவ நேரமும், கிழக்கு நோக்கி அமரத் திண்ணையோ கூடமோ உள்ளவன் அவன். வீட்டை விட்டு வெளியில் உண்ண வேண்டிய அவசியமே அவனுக்கு இல்லை. வயலில் நாற்று நடுகிறவளும், சுமை தூக்குகிறவனும், ஆடு மேய்க்கிற சிறுவனும் எங்கே உண்பார்கள்? வெள்ளிடையில்தான். ஊரில் பாதிப்பேர் நாள்தோறும் உண்ணும் இடத்தை, உண்ணத் தகாத இடம் என்று ஒரு சொல்லால் தள்ளிவிட்டார் புலவர்.

இந்த எண்ணம் எனக்கு வலுப்பட்டது வெள்ளிமலையில். கள்ளக்குறிச்சியிலிருந்து மேற்கே கல்வராயன் மலையில் ஏறினால் வருகிற ஊர் அது. மலை வட்டத்தின் தலைமையிடம். மலைமேல் வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலையாளி என்னும் பழங்குடியினர். பெயரைக் கேட்டுக் கேரளத்துக்காரர்கள் என்று எண்ண வேண்டாம். தமிழ் பேசுகிறவர்கள், தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியவர்கள் என்று சொல்லிக்கொள்கிறார்கள். மூன்று ஜாகீர்களின் ஆட்சியில் இருந்த மலை, 1976-இல்தான் முழுவதும் அரசின் கைக்கு வந்தது. சாமையும் மரவள்ளியும் கடுக்காயும் புளியும் அவர்கள் வாழ்வு.

ஒரு நாள் நண்பகலில் சாலையோரம் நின்றுகொண்டிருந்தேன். மரவள்ளிக் காட்டில் வேலை முடித்த நாலைந்து பெண்கள் ஒரு மரத்தடியில் வந்து உட்கார்ந்து தூக்குப் பாத்திரங்களைத் திறந்தார்கள். அவர்களில் மூத்தவள் ஒரு கவளம் எடுப்பதற்கு முன்னால் தலை நிமிர்ந்து, முன்பின் தெரியாத என்னைப் பார்த்து, "வாங்கய்யா, ஒரு வாய் சாப்பிடலாம்" என்றாள். "இருக்கட்டும்மா, நீங்க சாப்பிடுங்க. இப்பத்தான் ஆச்சு" என்றேன். அதற்குப் பிறகுதான் அவள் கை சோற்றில் இறங்கியது. அதே சாலையில் இருபது அடி தள்ளி ஒரு கார் நின்றது. சமவெளியிலிருந்து அருவி பார்க்க வந்த குடும்பம். நின்றபடி வறுவல் தின்றார்கள். உறையைக் காற்றில் விட்டார்கள். தண்ணீர்ப் புட்டியைப் பள்ளத்தில் எறிந்தார்கள். மரத்தடியில் இருந்தவர்களை ஏறிட்டும் பார்க்கவில்லை. கார் போய்விட்டது.

முள்ளியாரைக் கேட்டால் இரண்டு கூட்டமும் குற்றவாளிகளே. இருவரும் வெள்ளிடையில் உண்டவர்கள். அவருடைய அளவுகோலால் அந்த மூதாட்டிக்கும் அந்தக் காருக்கும் உள்ள வேற்றுமையைக் கண்டுபிடிக்க முடியாது. ஒரு விதி, மிகப் பெரிய வேற்றுமையைக் கண்டுகொள்ள முடியாதபடி இருக்குமானால், அது எங்கோ தவறான இடத்தில் கோடு போட்டிருக்கிறது என்றே பொருள்.

அந்த மூதாட்டி சொன்ன சொல்லை இன்னும் சிறிது கவனிக்க வேண்டும். ஜப்பானியர் உண்பதற்கு முன் கை குவித்து, 'பணிவோடு பெற்றுக்கொள்கிறேன்' என்று பொருள்படும் ஒரு சொல்லைச் சொல்கிறார்கள். உணவையும் அதைத் தந்தவரையும் நோக்கிச் சொல்லப்படும் வணக்கம் அது, அழகானது. நம் வணக்கம் வேறு திசையில் போகிறது. பஸ்ஸிலோ ரயிலிலோ பொட்டலத்தைப் பிரிக்கிறவன் பக்கத்தில் இருப்பவனைப் பார்த்து, "சாப்பிடுறீங்களா?" என்கிறான். இவன் கேட்பான் என்று அவனுக்குத் தெரியும். அவன் மறுப்பான் என்று இவனுக்குத் தெரியும். கேட்காமல் தின்றால் இவனுக்குத் தொண்டையில் இறங்காது. கேட்டதும் வாங்கித் தின்றால் அவனுக்குக் கௌரவமில்லை. விருந்தினர் வெளியே இருக்க அமுதமே ஆனாலும் தனித்து உண்ணாதே என்ற வள்ளுவர் வாக்கு பஸ்ஸுக்குள் வந்து சுருங்கி இந்த இரண்டு வாக்கியங்களாக நிற்கிறது. பொது இடத்தில் உண்பதற்குத் தமிழனிடம் உள்ள முறை இதுதான். எந்த நூலிலும் எழுதாமலே நிலைத்துவிட்டது.

இந்த அழகோடு நிறுத்திக்கொண்டு வாசகர்களிடம் விடைபெற்றுக்கொண்டால் நான் பாதி உண்மையைச் சொன்னவன் ஆவேன். 'சாப்பிடுறீங்களா?' என்ற கேள்விக்கு ஒரு வேலி இருந்தது. ரயிலில் பொட்டலத்தைப் பிரிப்பதற்கு முன் "தங்களுக்கு எந்த ஊர்? எந்தத் தெரு?" என்று விசாரித்த நாட்கள் உண்டு. விடை தெரிந்த பிறகுதான் பொட்டலம் எந்தப் பக்கம் திரும்புவது என்று முடிவாகும். ஜப்பானியனின் கவலை பிறர் கண்ணுக்கு இடைஞ்சல் ஆகிவிடக் கூடாது என்பது. நம் கவலை பிறர் எச்சில் தன்மேல் பட்டுவிடக் கூடாது என்பது. டம்ளரை உதட்டில் வைக்காமல் அண்ணாந்து குடிக்கிற வழக்கத்தைச் சுகாதாரம் என்று பெருமைப்படுகிறோம். சுகாதாரம்தான். ஆனால் அந்தச் சுகாதாரம் ஆள் பார்த்து வந்தது.

சேரன்மாதேவி குருகுலத்தில் இரண்டு பிராமணச் சிறுவர்களுக்குத் தனிப் பந்தி போட்ட விஷயம் 1924-25-இல் தமிழ்நாட்டு அரசியலையே புரட்டிப் போட்டது. ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்கு ஓர் இடம், இதரருக்கு ஓர் இடம் என்று இருந்த ஏற்பாடு 1941-இல்தான் போயிற்று. சென்னை திருவல்லிக்கேணியில் ஒரு ஹோட்டலின் பெயர்ப் பலகையிலிருந்து 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்க 1957-இல் மாதக்கணக்கில் மறியல் நடந்தது. கிராமத்து டீக்கடைகளில் இருந்த இரட்டைக் குவளையைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பொது உணவு விடுதியில் வைத்திருக்கும் பாத்திரங்களைத் தீண்டாமை காரணமாக ஒருவருக்கு மறுப்பது குற்றம் என்று 1955-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லிவிட்டது. சில கடைகள் அதற்கும் வழி கண்டன. கொட்டாங்கச்சி போய், குடித்துவிட்டு எறியும் கோப்பை வந்தது. மற்றவர்களுக்கு மட்டும் கண்ணாடி டம்ளர். எறிந்துவிடுகிற கோப்பையைப் பார்த்து 'எவ்வளவு நாகரிகம்!' என்று வியந்த கண்களுக்கு அதனுள்ளே இருந்த பழைய விஷயம் தெரியவில்லை.

கதை எழுதுகிறவர்களுக்கு இது தெரிந்திருந்ததா? தமிழ்ப் புனைகதையில் காபிக்குக் குறைவே இல்லை. புதுமைப்பித்தன் கடவுளையே பூமிக்கு இறக்கிக் கந்தசாமிப் பிள்ளையோடு ஹோட்டலுக்கு அனுப்பிக் காபி குடிக்க வைத்தார். தி. ஜானகிராமன் ஜப்பானுக்கே போய் வந்து 'உதயசூரியன்' எழுதியவர். ஆனால் பொது இடத்து உணவைப் பற்றி அவர் எழுதியதில் எனக்கு உயர்ந்ததாகப் படுவது ஜப்பானில் நடப்பதல்ல. 'சிலிர்ப்பு' என்ற சிறுகதையில் நம் ரயில் பெட்டியில் நடக்கிறது. வீட்டு வேலைக்காகத் தொலைதூரம் அழைத்துச் செல்லப்படும் ஓர் ஏழைச் சிறுமிக்குச் சிறுவன் ஒருவன் தன் ஆரஞ்சுப் பழத்தைக் கொடுத்துவிடுகிறான். ஊரும் தெருவும் கேட்காத கை அது. முறைகள் அனைத்தையும் கற்று முடிப்பதற்கு முன்னால் ஒரு மனிதக் குழந்தைக்கு எது இயல்பாக வருகிறது என்று காட்டிவிட்டு ஆசிரியர் விலகி நிற்கிறார்.

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து எழுதியவர்கள் பின்னால் வந்தார்கள். பாமாவின் 'கருக்கு' 1992-இல் வந்தது. வயதான ஒரு மனிதர் பலகாரப் பொட்டலத்தைக் கையால் தொடாமல் கயிற்றை மட்டும் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய்ப் பணிந்து கொடுக்கிறார். பார்க்கிற சிறுமிக்கு முதலில் சிரிப்பு வருகிறது. காரணத்தை அண்ணன் சொன்ன பிறகு சிரிப்பு நின்றுவிடுகிறது. இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' 1994-இல் வந்தது; ஊருக்குத் துணி வெளுக்கும் ஒருத்தி இரவில் வாசல் வாசலாக நின்று சோறு வாங்குகிறாள். இந்த இரண்டு நூல்களையும் படித்த பிறகு ஆசாரக்கோவையைத் திரும்பவும் புரட்டினால், முள்ளியார் எழுதாமல் விட்ட நூற்றியோராவது பாட்டை இவர்கள் எழுதியிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. அவர் உண்கிறவனைப் பார்த்துச் சொன்னார். இவர்கள் உண்கிற வீட்டின் வாசலில் நிற்கிறவரின் கண்ணால் பார்த்தார்கள்.

மற்ற நம் எழுத்தாளர்களிடம் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. கும்பகோணம் டிகிரி காபியின் மணத்தை மூன்று பக்கம் வர்ணிக்கிறோம். அந்தக் காபி எந்த டம்ளரில் வந்தது, அதை யார் கழுவினார்கள், யாருக்கு அது கொடுக்கப்படவில்லை என்று ஒரு வரி எழுதச் சோம்பல்படுகிறோம். எழுதினால் மணம் கெட்டுவிடுமோ என்ற பயம் போலும்.

இதைச் செய்து காட்டியவர் ஜப்பானிலேயே இருக்கிறார். யசுனாரி கவபட்டாவின் 'ஆயிரம் கொக்குகள்' தேநீர்ச் சடங்கைச் சுற்றிச் சுழலும் நாவல். அதில் ஒரு கிண்ணத்தின் விளிம்பில், இறந்துபோன பெண்ணின் உதட்டுக் கறையோ என்று ஐயுறத்தக்க ஒரு சாயம் படிந்திருக்கிறது. சடங்கின் தூய்மைக்கு நடுவே மனிதரின் ஆசையும் பாவமும் அந்தக் கறையாக நிற்கின்றன. 1968-இல் நோபல் பரிசு பெற்றபோது, அந்த நாவல் தேநீர்ச் சடங்கின் புகழ்ச்சி அல்ல, அது கொச்சைப்பட்டுப் போனதைப் பற்றிய எச்சரிக்கை என்று அவரே சொன்னார். தன் நாட்டார் உலகத்துக்கெல்லாம் காட்டிப் பெருமைப்படுகிற ஒன்றை அப்படிப் பார்க்க ஒரு நெஞ்சு வேண்டும்.

அந்தச் சடங்கை வகுத்த ஸென் நோ ரிக்யு (1522–1591) தேநீர்க் குடிலுக்கு இரண்டடிச் சதுரம்போன்ற ஒரு வாசலை வைத்தார். எந்தப் பிரபுவும் வாளை வெளியே வைத்துவிட்டு, குனிந்து தவழ்ந்துதான் உள்ளே வர வேண்டும். உள்ளே கெட்டித் தேநீர் ஒரே கிண்ணத்தில் சுற்றி வரும். ஒருவர் குடித்து, விளிம்பைத் துடைத்து, அடுத்தவரிடம் கொடுப்பார். எச்சிலுக்கு அஞ்சிய நமக்கு இது திகைப்பூட்டும். ஆனால் இதை வைத்து ஜப்பானியரைத் தூக்கிவைத்துப் பேசவும் வேண்டாம். அங்கும் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்கள் இருந்தார்கள். ஷிமஸாகி டோஸன் 1906-இல் எழுதிய நாவலில், அந்தக் குலத்தவன் என்று தெரிந்ததும் ஒரு பணக்காரனை விடுதியை விட்டே துரத்துகிறார்கள். ஒரே கிண்ணம் சுற்றி வருகிற தேசத்தில்தான் இதுவும் நடந்தது. கிண்ணம் சுற்றி வருவதை மட்டும் பார்த்தால் போதாது; அது எந்த வாசலோடு நின்றுவிடுகிறது என்றும் பார்க்க வேண்டும்.

குடிப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. அடுத்தவர் கிண்ணத்தைக் கவனிக்கும் ஜப்பானிய முறையில் ஒரு பயன் உண்டு. குடிக்கிறவன் பிறர் கண் எதிரில் இருக்கிறான். நம்மிடம் குடிக்கு மரியாதையும் இல்லை, முறையும் இல்லை. மறைவு மட்டும் இருக்கிறது. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். வறுமைக்கும் சட்டவிரோத வியாபாரத்துக்கும் உரிய பொறுப்பை மரியாதைக் குறைவின் தலையில் கட்ட நான் வரவில்லை. ஆனால் அந்த நாட்களில் படித்தவர்கள் பேசிய பேச்சு நினைவிருக்கிறது. 'குடித்தார்கள், செத்தார்கள்' என்றார்கள். கல்வராயன் மலையையே சாராய மலை என்றார்கள். அடுத்த மாதமே அந்த மலைமக்களின் வாழ்க்கை நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரிக்க எடுத்துக்கொண்டது. சாலை இல்லை, மருத்துவம் இல்லை என்ற குறைகள் அப்போதுதான் நம் பத்திரிகைகளில் இடம்பிடித்தன. அறியாத வழிப்போக்கனைச் சோற்றுக்கு அழைக்கும் மலைக்கு நாம் கொடுத்த பட்டம் சாராய மலை!

ஆசாரங்களைத் தூக்கி எறிய வேண்டும் என்று சொல்லுகிறவன் அல்லன் நான். பெரியவர் எழும்வரை பந்தியில் காத்திருப்பதும், குப்பையைப் பையில் வைத்துக்கொண்டு வீடு திரும்புவதும், தின்னும்போது பக்கத்தில் இருப்பவரைக் கேட்பதும் நமக்கு வேண்டும். ஆனால் எந்த முறையையும் எடுத்துக்கொள்ளுமுன், இது பக்கத்தில் இருப்பவனை நினைப்பதற்காக வந்ததா, அவனைத் தள்ளி வைப்பதற்காக வந்ததா என்று ஒரு முறை கேட்டுப் பார்க்கலாம். ஜப்பானிலிருந்து வந்த முறையானாலும் சரி, நூறு பாட்டில் சொன்ன முறையானாலும் சரி, அந்தக் கேள்விக்குப் பதில் சொன்ன பிறகுதான் அதற்கு நம் வீட்டில் இலை போட வேண்டும்.